பெட்டிக்குள் ஒரு வாத்திய கோஷ்டி!

மேடையில் இருப்பவர் ஒரே ஒருவர். அவர் கையில் ஓர் அக்கார்டியன். ஆனால், நம் காதில் விழுவதோ டிரம், கித்தார், டிரம்பெட்! மற்றவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்?

பக்கத்திலுள்ள சிறு பெட்டிக்குள்தான்! அதன் பெயர் "அரேஞ்சர் மாடியூல்". அதில் வாசிக்கும் கட்டைகள் கிடையாது. பொத்தான்களும் ஒரு சிறு திரையும்தான் உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

கீபோர்டையோ, மின்னணு அக்கார்டியனையோ கம்பி மூலம் பெட்டியுடன் இணைக்கிறார்கள். அந்தக் கம்பியில் போவது சத்தம் அல்ல. கட்டளை! "இந்தக் கட்டை அழுத்தப்பட்டது" என்ற செய்திதான் போகிறது. இந்த முறைக்கு "மிடி" என்று பெயர். 1983-ல் வந்தது.

கலைஞர் இடது கையால் சில சுரங்களைச் சேர்த்து அழுத்துவார். பெட்டி அதைப் புரிந்துகொள்ளும். உடனே பக்க வாத்தியங்கள் எல்லாம் அதற்கேற்ப மாறிவிடும். தொடக்க இசை, முடிவு இசை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு.

இரண்டு பெட்டிகள்

அக்கார்டியனுக்குப் பேர்போன நாடு இத்தாலி. அங்கே காஸ்டெல்பிடார்டோ நகரில் 1863-ல் பாவ்லோ சோப்ரானி அக்கார்டியன் தொழிலைத் தொடங்கினார். அந்த வட்டாரத்துக் கம்பெனிதான் கெட்ரான். அதன் "எஸ்.டி.40" பெட்டியில், மனிதர்கள் வாசித்துப் பதிவு செய்த டிரம் ஒலியே இருக்கிறது. அதனால் தாளம் உயிரோட்டமாகக் கேட்கும். ஆனால், பதிவு செய்த ஒலியின் வேகத்தை மிகவும் கூட்டினாலோ குறைத்தாலோ இயல்பு கெடும்.

ஜப்பானின் ரோலண்டு கம்பெனி 2011-ல் "பி.கே.7எம்" பெட்டியை வெளியிட்டது. இதில் தாளம் கட்டளைகளாகவே இருக்கிறது. வேகத்தை விருப்பம்போல் மாற்றலாம். டெலிவிஷனுடன் இணைத்தால் பாட்டு வரிகளையும் காட்டும். இதன் உற்பத்தி நின்றுவிட்டதால், பழைய பெட்டியைத்தான் தேடி வாங்க வேண்டும்.

எதை வாங்குவது?

நல்ல கீபோர்டு கையில் இருந்தால், அதை விற்று வேறு வாங்க வேண்டியதில்லை. பெட்டி மட்டும் போதும். செலவு மிச்சம், சுமையும் குறைவு.

"எத்தனை ஒலிகள் உள்ளன?" என்று கேட்டு மயங்காதீர்கள். இரண்டு கையும் வாசிக்கும்போது பொத்தானை யார் அழுத்துவது? காலால் மிதித்து இயக்க வசதி உண்டா என்று பாருங்கள். மங்கிய விளக்கில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பாட்டையே கடையில் வாசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பாடகர் மூச்சு வாங்கச் சற்று நின்றால், டிரம் வாசிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். பெட்டி காத்திருக்காது! அது விரலின் கட்டளையை அறியும். பாடுபவர் மனதை அறியாது. அதை அறிய வேண்டியவர் வாசிப்பவர்தான்!