மாறியதா, மாறவில்லையா?

ஆன்சிபிள் ஓட்டிப் பழகியவர்கள் திரையின் நிறத்தைப் பார்த்தே நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். எல்லாம் ஏற்கெனவே சரியாக இருந்தால் பச்சை, எதையாவது மாற்றியிருந்தால் மஞ்சள், வேலை தோற்றால் சிவப்பு. மைக்கேல் டிஹான் 2012-இல் வெளியிட்ட இந்த மென்பொருள், நூற்றுக்கணக்கான லினக்ஸ் சர்வர்களை ஓரிடத்திலிருந்தே பராமரிக்க உதவுகிறது.

‘என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்று வேண்டிய நிலையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் ஆன்சிபிள் முதலில் விசாரிக்கும். ஓடிக்கொண்டிருந்தால் கைவைக்காது, நின்றிருந்தால் கிளப்பிவிட்டு மஞ்சள் காட்டும். சர்வர் பூட் ஆகும்போது அந்தச் சேவை தானாகக் கிளம்புமா என்பது தனிக் கேள்வி. அதையும் எழுதிக் கொடுத்தால் தனியே கேட்டுச் சரிபார்க்கும்.

அடுத்த வேலை நடப்பதே அந்த மஞ்சளை நம்பித்தான்.

என்ஜின்எக்ஸ் தன் கான்ஃபிக் கோப்பைக் கிளம்பும்போது படிக்கும். பிறகு ரீலோடோ ரீஸ்டார்ட்டோ செய்தால்தான் மறுபடி படிக்கும். ஆகவே கோப்பு மாறினால் மட்டும் சேவையை ரீஸ்டார்ட் செய்ய ‘ஹேண்ட்லர்’ ஒன்றை எழுதி வைப்பார்கள். கோப்பு மாறியும் ‘மாறவில்லை’ என்று பதிவானால் ஹேண்ட்லர் எழாது. வட்டில் புதிய கோப்பு இருக்க, சேவை பழைய விதிகளின்படியே ஓடும். மாறாததை ‘மாறியது’ என்றாலோ, ஒவ்வொரு முறையும் சேவை காரணமின்றி நின்று கிளம்பும். அந்த நேரத்தில் இணைந்திருப்பவர்கள் துண்டிக்கப்படலாம்.

ஷெல் கட்டளையை நேரடியாக ஓட்டும்போதுதான் இந்தக் கணக்கு தவறுகிறது. கட்டளை உள்ளே என்ன செய்தது என்பது ஆன்சிபிளுக்குத் தெரியாது. தோற்காத வரை மஞ்சள்தான். ஒரு சேவை ஓடுகிறதா என்று விசாரிக்க மட்டும் செய்தாலும் மாற்றம் என்றே பதிவாகும். சேவை நின்றிருந்தால், விசாரித்த கட்டளை பூஜ்யமல்லாத எண்ணைத் திருப்பித் தரும், உடனே சிவப்பு! எது மாற்றம், எது தோல்வி என்பதை எழுதுபவரே ‘சேஞ்ச்டு வென்’, ‘ஃபெயில்டு வென்’ வரிகளில் சொல்லியாக வேண்டும்.

சிஸ்டம்டி தரும் பதிலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘சிம்பிள்’ வகைச் சேவையில் புராசஸ் பிறந்த உடனே ‘கிளம்பிவிட்டது’ என்று அது சொல்லிவிடும்; இரண்டு நொடியில் அந்தப் புராசஸ் செத்துப்போனாலும் ஆன்சிபிள் மஞ்சளே காட்டியிருக்கும். ‘நோட்டிஃபை’ வகையில், தயாராகிவிட்டதாகச் சேவையே தகவல் அனுப்பும்வரை சிஸ்டம்டி காத்திருக்கும்.

மாறாததை ‘மாறியது’ என்று சொல்கிறதா எனச் சோதிக்க மாலிக்யூல் என்ற கருவி இருக்கிறது. எழுதியதை ஓட்டி முடித்ததும், எதையும் தொடாமல் மறுபடி ஓட்டும். இரண்டாம் முறை ஒரு மஞ்சள் தென்பட்டாலும் சோதனை தோல்வி.