பல்கருத்தரிப்பில் ஒரு கருவின் இழப்பு

பல்கருத்தரிப்பில் ஒரு கருவின் இழப்பு என்பது, கருப்பையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருக்கள் வளரும்போது அவற்றுள் ஒன்று இறந்து, எஞ்சியது உயிருடன் தொடர்ந்து வளரும் நிலையாகும். ஒரு கரு இறந்ததால் கருத்தரிப்பே முடிந்துவிட்டது என்று கருதுவது தவறு. பெரும்பாலான தாய்மார் எஞ்சிய குழந்தையை உயிருடன் பெற்றெடுக்கின்றனர். பின்விளைவைத் தீர்மானிப்பதில் இரண்டு காரணிகள் முதன்மையானவை: இழப்பு நேர்ந்த காலம், கருக்கள் நச்சுக்கொடியைப் (சூல்வித்தகம்) பகிர்ந்துகொண்டனவா என்பது.

முதல் மூன்று மாதங்களில்

தொடக்க ஸ்கேனில் இரண்டு கருக்கள் தெரிந்து, அடுத்த ஸ்கேனில் ஒன்று மட்டும் தெரிவது உண்டு. இது 'மறையும் இரட்டை' எனப்படுகிறது. இறந்த கருவின் திசுக்களைத் தாயின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. சிலருக்குச் சிறிது இரத்தக்கசிவு ஏற்படும். பலருக்கு எந்த அறிகுறியும் இராது. எஞ்சிய கரு பெரும்பாலும் இயல்பாகவே வளர்கிறது. எனினும், இறந்த கருவின் மரபுப்பொருள் தாயின் இரத்தத்தில் சில வாரங்கள் தங்கக்கூடும். இதனால் தாயின் இரத்தத்தைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனை தவறான முடிவைக் காட்டலாம். சோதனைக்கு முன் இழப்பைப் பற்றி மருத்துவரிடம் கூறுவது அவசியம்.

பிந்தைய மாதங்களில்

நான்காம் மாதத்திற்குப் பின் இறக்கும் கரு முழுமையாக மறைவதில்லை. நீர்ச்சத்து வற்றி, தட்டையாகி, மகப்பேறு வரை கருப்பையிலேயே இருக்கலாம். இதற்குத் 'தாள் கரு' என்று பெயர்.

தனித்தனி நச்சுக்கொடி இருந்தால் இரு கருக்களின் இரத்த ஓட்டமும் பொதுவாக வேறுவேறாகவே இருக்கும். எனவே ஒன்றின் இறப்பு மற்றதை நேரடியாகத் தாக்கும் வாய்ப்பு குறைவு. முதன்மையான இடர் குறைமாதப் பிறப்பு ஆகும்.

ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் ஒத்த இரட்டையரில் நிலைமை வேறு. அவர்களின் இரத்தக் குழாய்கள் நச்சுக்கொடிக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு கருவின் இதயம் நின்றதும் அதன் குழாய்களில் அழுத்தம் வீழ்கிறது. உயிருள்ள கருவின் இரத்தம் அப்பக்கம் பாய்கிறது. இதனால் அக்கருவுக்குத் திடீர்க் குருதிச்சோகையும் இரத்த அழுத்தக் குறைவும் ஏற்பட்டு, இறப்போ மூளைப் பாதிப்போ நேரலாம். ஆகவேதான் 14 வாரத்திற்குள் செய்யும் ஸ்கேனில் நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதைக் கண்டறிந்து குறித்துவைப்பது முக்கியமாகிறது. பின்னாளில் அதைத் தெளிவாக அறிவது கடினம்.

கண்காணிப்பும் மகப்பேறும்

உடனே அறுவை செய்து குழந்தையை வெளியே எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கும் என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. ஆனால் மேற்கூறிய பாதிப்பு, இறப்பு நேர்ந்த அந்தச் சிறிது நேரத்திலேயே பெரும்பாலும் நிகழ்ந்து முடிகிறது. அவசரப் பிரசவம் அதை மாற்றுவதில்லை. குறைமாதப் பிறப்பின் தீங்கையும் கூட்டிவிடும். எனவே வேறு காரணம் இல்லாவிடில் மருத்துவர்கள் காத்திருந்து கண்காணிக்கின்றனர்.

டாப்ளர் ஸ்கேன் மூலம் கருவின் மூளை இரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளந்து குருதிச்சோகை உண்டா என அறிகின்றனர். பொது நச்சுக்கொடி எனில், 4 முதல் 6 வாரங்களுக்குப் பின் கருவின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்வதுண்டு. குறைமாதப் பிறப்பு நெருங்கினால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படும். தாயின் இரத்தம் ஆர்.எச். எதிர்மறை எனில் ஆன்டி-டி ஊசியும் தேவைப்படலாம். இறந்த கரு உள்ளே இருப்பதால் தாயின் உடலில் 'நஞ்சு பரவும்' என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை. இரத்த உறைதல் கோளாறு மிக அரிதாகவே ஏற்படுகிறது.

இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், காய்ச்சல், வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

தாயின் துயரம்

இத்தாய் ஒரே நேரத்தில் ஒரு பிள்ளைக்காக அழுகிறாள். இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். "ஒன்றாவது மிஞ்சியதே" என்று உறவினர் ஆறுதலாகச் சொல்லும் சொல், இறந்த குழந்தையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதாக அவளுக்குப் படலாம். பிரித்தானியாவில் ஒரு தாயின் முயற்சியால், இரட்டையருள் ஒன்றை இழந்த குழந்தையின் தொட்டிலில் ஊதா நிற வண்ணத்துப்பூச்சிப் படம் வைக்கும் வழக்கம் தோன்றியது. அதைக் காண்பவர் விவரம் அறியாமல் புண்படுத்தும் கேள்வி கேட்காதிருக்க இது உதவுகிறது. இறந்த குழந்தையைப் பற்றித் தாய் பேச விரும்பினால் பொறுமையுடன் கேட்பதும், தேவையெனில் மனநல ஆலோசனை பெறச் செய்வதும் குடும்பத்தின் கடமையாகும்.