எம்மாடி... எம்மா!

2021 அமெரிக்க ஓப்பனுக்காக நியூயார்க் போய் இறங்கிய பிரிட்டிஷ் டென்னிஸ் வீராங்கனை எம்மா ரடுகானு, தகுதிச் சுற்று முடிந்த கையோடு ஊர் திரும்ப ஃப்ளைட் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். சத்தியமாக! வயசு 18. தரவரிசையில் 150-வது இடம். அதற்கு முன் ஆடிய ஒரே கிராண்ட்ஸ்லாம், அதே வருஷ விம்பிள்டன்தான். அந்தக் கோடையில்தான் நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரியான ஏ லெவல் பரீட்சையில் கணக்கில் 'ஏ ஸ்டார்' வாங்கியிருந்தார். கணக்குப் பிள்ளை கணக்காகத்தானே டிக்கெட் போடும்?

சரி, லாக்கர் ரூமுக்குள் எட்டிப் பார்ப்போமா? முதல் தகுதி ஆட்டத்துக்குக் கூப்பிட இன்னும் சில நிமிஷம்தான். பொண்ணு வார்ம்-அப் செய்துகொண்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? தொலைந்துபோன ஏர்பாட்ஸைத் தேடி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது! 'இந்த மேட்ச்சை ஜெயிச்சா புதுசு வாங்கிக்கலாம்' என்று தனக்குத்தானே ஆசை காட்டிவிட்டுத்தான் கோர்ட்டுக்குள் இறங்கியிருக்கிறார். அது டீமுக்குள் நிரந்தர ஜோக் ஆகிவிட்டது. கடைசியில் கைக்கு வந்த பரிசு 25 லட்சம் டாலர். எத்தனை ஜோடி வாங்கலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போனது போனதுதான். ஒலிம்பிக் தங்கம் வென்ற பென்சிச் காலி, அரையிறுதியில் சக்காரி காலி. செப்டம்பர் 11, ஆர்தர் ஆஷ் அரங்கில் இறுதிப் போட்டி. எதிரே கனடாவின் லேலா ஃபெர்னாண்டஸ். அந்த வாரம்தான் 19 முடித்தவர். கொரோனா கட்டுப்பாட்டால் எம்மாவின் அப்பா, அம்மா வர முடியவில்லை. ஆனால் கேலரியில் வர்ஜீனியா வேட் உட்கார்ந்திருந்தார். 1977 விம்பிள்டனில் அவர் ஜெயித்த பிறகு எந்த பிரிட்டிஷ் பெண்ணும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தைத் தொடவில்லை.

இரண்டாவது செட், 5-3. ஜெயிக்க சர்வ் போடும் நேரம் பார்த்து, எம்மா சறுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டார். ரத்தம் வழிகிறது. ரத்தம் நிற்காமல் ஆடக்கூடாது என்பது விதி. கட்டுப் போடும்வரை ஆட்டம் நிற்க, பிரேக் பாயின்ட்டோடு காத்திருந்த லேலா அதிகாரிகளிடம் பொரிந்து தள்ளினார். அவர் கோபம் நியாயம்தான், சூடு ஆறிவிடுமே! எம்மாவுக்கோ எதுவும் ஆறவில்லை. மூன்றாவது சாம்பியன்ஷிப் பாயின்ட்டில் விட்டார் ஒரு ஏஸ். 6-4, 6-3. அப்படியே தரையில் மல்லாந்தார்.

இரண்டே நாளில் அதே நியூயார்க்கில் மெட் காலா விருந்து. ஷனெல் உடையில், கேமராக்களுக்கு நடுவே எம்மா!

தகுதிச் சுற்றிலிருந்து இறுதிப் போட்டி வரை மொத்தம் 10 ஆட்டம், ஒரு செட்கூட இழக்கவில்லை. தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர், ஆண்களிலும் சரி பெண்களிலும் சரி, அதற்கு முன் ஒருவர்கூடக் கிடையாது.