மனை கோலுதல் முதல் மனை புகுதல் வரை

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஆண்டில் எட்டு நாட்கள் வாஸ்து நாட்களாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 என்பன அவை. உறக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வாஸ்து புருஷன் அந்நாட்களில் மட்டும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடங்கள், விழித்திருப்பதாக மரபு. பல் துலக்கி, நீராடி, பூஜை முடித்து, உணவருந்தி, தாம்பூலம் தரித்து மீண்டும் அவன் உறங்கச் செல்கிறான். இவற்றுள் கடைசி இரண்டு செயல்களுக்குரிய 36 நிமிடங்களே மனை கோலுவதற்கு உகந்தவை என்பர் பெரியோர்.

அந்த 36 நிமிடங்களைத் தவறவிடும் குடும்பம் அரிது. ஈசானிய மூலையில் பள்ளம் வெட்டி, செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, நவதானியமும் பாலும் இட்டு, பொழுது பிசகாமல் பூஜை நடந்தேறிவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு மாதங்களில், கையெழுத்திட்ட தாள் என்ன சொல்கிறது, கொடுத்த பணத்திற்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று பார்ப்பதில் அந்தக் கவனத்தில் பாதிகூட இருப்பதில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த ஒரு புறநகரில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியருக்கு நேர்ந்தது இது. ஓய்வூதியப் பணப் பலன்களைக் கொண்டு, தங்கள் மனையில் 30 லட்ச ரூபாய்க்கு வீடு கட்டித்தர ஓர் ஒப்பந்ததாரரிடம் பேசினார்கள். ஒப்பந்தம் இரண்டே பக்கம். தவணைகள் வேலையின் நிலையைப் பொறுத்தல்லாமல் தேதியைப் பொறுத்து எழுதப்பட்டிருந்தன. வைகாசியில் கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பத்திரிகையும் அச்சாகிவிட்டது. முகூர்த்தத்திற்கு மூன்று வாரம் இருக்கையில், "இன்னும் இரண்டு லட்சம் கொடுத்தால்தான் தரைக் கல் இறங்கும், சார்" என்றார் ஒப்பந்ததாரர். கொடுத்தார்கள். கணபதி ஹோமம் நடந்த காலையில் 29 லட்சம் அவர் கைக்குப் போயிருந்தது. கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, கொல்லைக் கதவு இல்லை. மறுவாரம் ஆட்கள் வேறு மனைக்குச் சென்றுவிட்டார்கள். எஞ்சியிருந்த ஒரு லட்சத்திற்காகத் திரும்பி வர அவர்களுக்கு அவசியமும் இருக்கவில்லை.

இதில் வஞ்சகம் இருந்ததென்று சொல்வதற்கில்லை. ஒரு மனையில் வாங்கிய பணத்தை அடுத்த மனையில் சுழற்றுவது இத்தொழிலின் இயல்பாகிவிட்டது. செய்த வேலையைவிடக் கூடுதலாகப் பணம் போய்விட்டால், அந்த வீடு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

சொந்த மனையில் வீடு கட்டுவோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, எவ்வகை ஒப்பந்தம் என்பதை. கூலி ஒப்பந்தத்தில் சிமெண்டு, கம்பி, ஜல்லி அனைத்தையும் உரிமையாளரே வாங்கித்தர வேண்டும். அறுபத்தைந்து வயதில் கம்பிக் கடைக்கும் செங்கல் சூளைக்கும் அலைய எல்லோராலும் இயலாது. எனவே பெரும்பாலோர் பொருளும் கூலியும் சேர்ந்த சதுர அடிக் கணக்கையே நாடுகிறார்கள். அங்கேதான் கேள்வி எழுகிறது. அந்தச் சதுர அடி விலைக்குள் எவை அடங்கும்? சுற்றுச்சுவர், நிலத்தடி நீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்புக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும். இவை ஒவ்வொன்றும் சேர்க்கப்பட்டதா, விலக்கப்பட்டதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கம்பியின் தரம், சிமெண்டின் வகை, தரைக் கல்லின் சதுர அடி விலை, நிலைவாசலுக்கு என்ன மரம் என்பனவும் அப்படியே. 'நல்ல தரமான பொருள்' என்ற சொற்றொடருக்கு எந்த நீதிமன்றத்திலும் பொருள் கிடைக்காது.

பணம் கொடுக்கும் முறையை வேலையோடு பிணைப்பதே பாதுகாப்பு. நூறு பங்கில் முன்பணமாகப் பத்து, அஸ்திவாரம் முடிந்து தரைமட்டத் தளத்திற்கு வந்ததும் இருபது, லிண்டல் மட்டத்தில் பதினைந்து, மேல்தளம் கான்கிரீட் போட்டதும் இருபத்தைந்து, பூச்சு முடிந்ததும் பதினைந்து, தரை, மின்சாரம், குழாய் வேலைகள் முடிந்ததும் பத்து என்று அமைத்துக்கொள்ளலாம். கடைசி ஐந்து பங்கு, சாவி கைக்கு வந்து, குறைகளின் பட்டியல் எழுதி, அவை சரிசெய்யப்பட்ட பிறகே. முப்பது லட்சத்தில் அது ஒன்றரை லட்சம். அந்தத் தொகை நிலுவையில் இருக்கும் வரை ஒப்பந்ததாரரின் தொலைபேசி எடுக்கப்படும்.

வங்கிகளும் வீட்டுக் கடனை இவ்வாறே விடுவிக்கின்றன. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார். முதலில் உரிமையாளரின் பங்கைச் செலவிடச் சொல்வார்கள். பின்னர் ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளரின் சான்று பெற்றே தவணை வெளியாகும். இதை இடையூறாகக் கருதுவோர் உண்டு. உண்மையில், பிறர் செலவில் கிடைக்கும் ஒரு காவல் அது. முதியோர்க்குத் தனியே நீண்ட காலக் கடன் கிடைப்பது கடினமாகையால், மகனோ மகளோ இணைக் கடன்தாரராகச் சேர வேண்டியிருக்கும். வீடு முடியும் வரை, வெளியான தொகைக்கு மட்டும் வட்டி செலுத்தினால் போதும்.

கடன் வாங்காமல் சேமிப்பைக் கொண்டே கட்டுவோர் ஒரு தவறு செய்கிறார்கள். வேலை தொடங்கியதுமே எல்லா வைப்புகளையும் முறித்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கை ஓராண்டுக்குப் பின், இரண்டாண்டுக்குள் முறித்தால் அசலில் ஒன்றரை விழுக்காடும், இரண்டாண்டுக்குப் பின் முறித்தால் ஒரு விழுக்காடும் பிடிக்கப்படும். ஓராண்டு முடியுமுன் முறித்தால் வட்டியே கிடையாது. பணம் பத்து மாதத்தில் படிப்படியாகத்தான் தேவைப்படுகிறது. எந்தத் தவணைக்கு எந்த வைப்பு என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால், மேல்தளத்திற்குரிய பணம் மேல்தளம் வரை வட்டி ஈட்டும். கையில் ரொக்கமாக இருக்கும் பணம் கேட்டவுடன் கொடுக்கப்பட்டுவிடும் என்பது இன்னொரு காரணம்.

அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அடிப்படையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அலைச்சல் குறைந்தது. ஆனால் வரைபடத்தை மீறினால் பொறுப்பும் சான்றளித்தவருடையதே. ஆகவே 'பக்கத்தில் ஓரடி இழுத்துக்கொள்ளலாம்' என்று மேஸ்திரி கூறும் யோசனைக்குத் தலையசைக்காதிருப்பது நலம்.

கட்டடத்திற்கும் தனக்கென ஒரு காலக்கணக்கு உண்டு. கான்கிரீட்டின் வலிமை 28 நாள் கணக்கில் அளக்கப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி, சாதாரண சிமெண்டு கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். வெயில் கடுமையானால் பத்து நாள். இன்று பரவலாகப் பயன்படும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் கூடுதலாக, பதினான்கு நாள் வரை. மேல்தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவதும், தூண்களுக்கு ஈரச் சாக்குச் சுற்றுவதும் இதற்காகத்தான். நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்தின் அடியில் நிற்கும் முட்டுகளை ஏழு நாளுக்கு முன்னும், அதைவிட அகலமானதற்குப் பதினான்கு நாளுக்கு முன்னும் எடுக்கலாகாது. பூச்சு நன்கு உலர்வதற்குள் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால், அடுத்த மழைக்காலத்தில் அது உப்பிக்கொண்டு உதிரும். காலையும் மாலையும் மனைக்குச் சென்று தளத்தில் நீர் நிற்கிறதா என்று பார்த்துவருவது, ஓய்வு பெற்றவரால் செய்ய இயலும் மிகப் பயனுள்ள மேற்பார்வை. அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதியோர் குடியேறும் வீடாகையால் சிலவற்றை வரைபடத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். படுக்கையறையும் பூஜை அறையும் கீழ்த்தளத்திலேயே அமைவது, குளியலறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அளவு மூன்றடி அகலம் இருப்பது, அங்கே வழுக்காத கல், சுவரில் பிடிமானக் கம்பி ஆகியவை அவை. சுவர் எழும்பிய பின் கேட்டால் இவை 'கூடுதல் வேலை' ஆகிவிடும். கூடுதல் வேலை எதுவாயினும், தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்கச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சில் நடந்த கூடுதல்களின் கணக்குத்தான் கடைசி நாளில் மனத்தாங்கலாக வந்து நிற்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்குவோருக்குச் சட்டத்தின் துணை அதிகம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை, சுட்டிக்காட்டிய 30 நாளுக்குள் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் தனி ஒப்பந்ததாரரைக் கொண்டு கட்டுவோர் நம்பியிருக்க வேண்டியது தங்கள் ஒப்பந்தத்தையும், வீடு கட்டித் தருவதையும் 'சேவை' என்றே கொள்ளும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும்தான்.

இனி அந்த முகூர்த்த நாளுக்கு வருவோம். ஆனியும் ஆடியும் கிரகப்பிரவேசத்திற்கு ஆகாதென்பதால், வைகாசியை விட்டால் ஆவணிதான் என்ற பதற்றம் எல்லா வீட்டிலும் எழுகிறது. ஒப்பந்ததாரரும் அதை அறிவார். ஆனால் கதவு பொருத்தப்படாத, மேற்கூரை மூடப்படாத, வாஸ்து பலியும் அன்னதானமும் நிறைவேறாத வீட்டில் புகலாகாது என்றே சாஸ்திரமும் கூறுகிறது. நாளுக்காக வீட்டை அரைகுறையாக்கச் சொல்லவில்லை.

அதே புறநகரில், அந்த ஆசிரியர் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி வேறொரு முதிய தம்பதியர் கட்டிய வீடும் அந்த வைகாசிக்குள் முடியவில்லை. கூரையும் கதவுகளும் ஆகியிருந்தன. வண்ணமும் குழாய் வேலையும் பாக்கி. அவர்கள் குறித்த நாளிலேயே பசுவும் கன்றும் முன்செல்ல உள்ளே நுழைந்து, ஹோமம் செய்து, பால் காய்ச்சி, கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டியும் தாம்பூலமும் தந்து, வந்தவர்களுக்கு உணவிட்டு, அன்றிரவு அங்கேயே படுத்திருந்தார்கள். மறுநாள் வாடகை வீட்டிற்குத் திரும்பினார்கள். மாலைதோறும் அம்மையார் மட்டும் வந்து பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அறை அறையாகச் சுற்றிவருவார். முப்பத்தொன்று குறைகள் அதில் ஏறின. சமையலறைக் குழாய் சொட்டுவது பதினேழாவது. கடைசித் தவணை, முப்பத்தொன்றும் அடிக்கப்பட்ட பிறகு, ஆவணியில் கொடுக்கப்பட்டது. அந்த வாரமே சாமான்கள் வந்து இறங்கின.