வேலூர் வெயிலுக்கு எந்த மீன்?

தோட்டத்தில் சிறு குளம் கட்டி முடித்ததும் பலருக்கும் கோய் கெண்டையின் மேல்தான் ஆசை போகிறது. சிவப்பும் வெள்ளையுமாக அது நீந்துவது அழகுதான். ஆனால் ஜப்பானின் நீகாட்டா மலையூர்களில், கடும் பனி விழும் இடத்தில் வளர்த்து உருவாக்கிய மீன் அது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ, நிழலில்லாத இரண்டடித் தொட்டியில் அதை விடுவது கொடுமை என்றே சொல்வேன்.

20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் நீரடிச் செடிகளும் பாசியும் இரவில் தாமே அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உப்பையும் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, அத்தோலை ஊறவைக்கும்போது கழிவுநீரில் இறங்குகிறது. பதனிடச் சேர்க்கும் குரோமியம் சுத்திகரிப்பில் பெருமளவு கசடோடு படிந்துவிடும். கரைந்த உப்பு படியாது. பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியானது. ஆனாலும் பல கிணறுகளில் உவர்ப்பு இன்னும் போகவில்லை.

ஆகவே மீன் கடைக்குப் போகும் முன், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். வேறு வழியில்லாதபோது குடிநீருக்கு அனுமதிக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். குளத்து நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடும்; மேலும் மேலும் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள், பழைய நீரில் கொஞ்சம் வெளியேற்றுங்கள். காரத்தன்மையும் முக்கியம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சு வடிவம் பி.எச். 7இல் ஒரு சதவீதம்கூட இருக்காது, பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இந்தச் சூட்டையும் உவர்ப்பையும் தாங்கும் மீன் என்று ஜிலேபிக் கெண்டையைச் சொல்வார்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்த இது குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பது. சில மாதங்களில் குளத்தை நிரப்பிவிடும். கொசுவுக்காக விடப்படும் கம்பூசியாவோ மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். இரண்டுமே உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருப்பவை. டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் கரையைத் துளைத்து வளை தோண்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததை மறந்துவிடக் கூடாது. அப்படி ஒரு மழையில் தோட்டத்துக் குளம் நிரம்பி வழிந்தால் இவை வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும்.

நம் மண்ணிலேயே பொருத்தமான மீன்கள் இருக்கின்றன. வயல் வாய்க்காலில் வாழும் சூடோஸ்ப்ரோமீனஸ் குபானஸ் என்ற விரல்நீள மீன், மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் சமாளிக்கும். புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனை வைத்து 1831இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது இது. ஆண் மீன் குமிழிகளால் கூடு கட்டி முட்டையைக் காவல் காக்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு குளம் கட்டலாம். இதற்குத் துணையாக, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் ஆப்லோகீலஸை விடலாம். மேல்நோக்கிய வாயால் நீர்ப்பரப்பிலுள்ள கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். அடியில் திரிய, கரும்புள்ளியுள்ள சிறு கெண்டைகள் போதும்.

பனையேறிக்கெண்டையும் நம்முடையதுதான். 1791இல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியிருக்கிறார். ஆனால் மழை இரவில் குளத்தை விட்டே நடந்து போய்விடும், சிறு மீன்களையும் விட்டுவைக்காது. சின்னக் குளத்துக்கு அது வேண்டாம்.

குளத்தின் ஒரு மூலையாவது மூன்றடி ஆழம் இருக்கட்டும், பாதிக்கு மேல் நிழல் விழட்டும். நீர் நிரப்பிச் செடி வைத்த பிறகு சில வாரங்கள் பொறுங்கள். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக அவ்வளவு காலம் ஆகும். அதன் பிறகு நாலைந்து மீன்களோடு தொடங்குங்கள். ஆப்லோகீலஸ் துள்ளும், மேலே வலை கட்டுங்கள்.