வீடு திருத்தும் தூசியும் நோயுற்ற பிள்ளையும்

1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு இடம்பெயர்ந்த நாம், காணி திரும்பக் கிடைத்ததும் முதலில் பற்றை வெட்டி, இடிந்த சுவரைத் தட்டுகிறோம். அந்தத் தூசியிலும், நனைந்து பழுதான வைக்கோலிலும் அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சணத்தின் வித்துகள் பறக்கும். சுகதேகியின் வெண்குருதிக் கலங்கள் அவற்றை அழித்துவிடும். குருதிப் புற்றுநோய்க்கு மகரகமையில் மருந்தேற்றி வீடு வந்த பிள்ளைக்கோ அக்கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். பூஞ்சணம் நுரையீரலைப் பற்றி, இரத்தக் குழாய்களையும் துளைக்கும். அரிதான நோய்தான், ஆனால் உயிரைக் குடிக்கக்கூடியது. வழமையான நுண்ணுயிர்க்கொல்லிக்கு அது அடங்காது. அதற்கென வேறு மருந்து உண்டு, பிந்தக்கூடாது.

காய்ச்சல் கண்டால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திராமல், கிளினிக் கொப்பியுடன் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சாம்பிராணிப் புகை போதுமென்பது எமக்கு உடன்பாடில்லை. வீட்டு வேலை முடியும்வரை பிள்ளை பெரியம்மா வீட்டில் இருக்கட்டும்.