இறால் பண்ணையா, அலையாத்திக் காடா? லாபக் கணக்கைக் கிளறிய வங்கி அதிகாரி

ஒரு ஹெக்டேர் அலையாத்திக் காட்டை அழித்து இறால் பண்ணை போட்டால் லாபமா, நஷ்டமா? 'இதுல என்ன சந்தேகம், லாபம்தான்' என்று தோன்றும். தெற்குத் தாய்லாந்தில் நடந்த ஆய்வின் முதல் வரியும் அப்படித்தான் சொன்னது: பண்ணை வைத்தவருக்கு ஹெக்டேருக்கு 9,632 டாலர் லாபம்.

அந்தக் கணக்கின் அடுத்தடுத்த வரிகளையும் படிக்கச் சொன்னவர், வங்கி அதிகாரியாக இருந்த பவன் சுக்தேவ்.

யார் இவர்?

இந்தியரான சுக்தேவ், டாய்ச்ச வங்கியில் உயர் பொறுப்பு வகித்தவர். அங்கே இருந்தபோதே, 2008-ல் 'டீப்' என்ற சர்வதேச ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். இயற்கை அழிவதால் பொருளாதாரத்துக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுவதே அதன் வேலை. அதன் அறிக்கை 2010-ல் ஜப்பானின் நகோயா நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் வைக்கப்பட்டது. 2017-ல் உலக இயற்கை நிதியத்தின் சர்வதேசத் தலைவரானார்.

கணக்கு எங்கே மாறுகிறது?

* 9,632 டாலரில் 8,412 டாலர் மானியம். அதாவது மக்கள் வரிப்பணம். அதைக் கழித்தால் மிச்சம் 1,220 டாலர்தான்.
* பண்ணைகள் பெரும்பாலும் ஐந்தே ஆண்டுகளில் கைவிடப்படுகின்றன. பாழான இடத்தில் மறுபடி காட்டை உருவாக்க 9,318 டாலர் ஆகும். பண்ணை வைத்தவர் அதைத் தருவதில்லை.
* காட்டை அப்படியே விட்டால் விறகு, மீன்வளம், புயல் தடுப்பு என 12,392 டாலர் பலன். இதில் 10,821 டாலர் புயலிலிருந்து கரையைக் காப்பதற்கானது.

லாபம் ஒருவர் பாக்கெட்டுக்கு, நஷ்டம் ஊருக்கே. ஆனால், இந்த நஷ்டம் எந்த நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாது. சிக்கலே அதுதான் என்கிறார் சுக்தேவ்.

இவர் மட்டும்தானா?

இல்லை. கோல்ட்மேன் சாக்ஸில் 24 ஆண்டுகள் இருந்த மார்க் டெர்செக், 2008-ல் 'நேச்சர் கன்சர்வன்சி' என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் தலைமைப் பொறுப்புக்குப் போனார்.

விலை போட்டுக் காட்டினால் போதுமா?

போதாது என்று சொல்பவரும் நிதித் துறையிலிருந்து வந்தவர்தான். பிளாக்ராக் நிறுவனத்தில் நிலைத்தன்மை முதலீட்டுப் பிரிவைக் கவனித்த தாரிக் ஃபேன்சி, 2019-ல் அங்கிருந்து வெளியேறினார். 'பசுமை' ஃபண்டுகள் வெறும் ஆறுதல் மாத்திரை, நோய் அப்படியேதான் இருக்கும் என்று 2021-ல் எழுதினார். நடுவர் ஃபவுல் கொடுக்காத ஆட்டத்தில், 'நேர்மையா ஆடுங்க' என்று வீரர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. கார்பனுக்கு விலை வைப்பது போன்ற விதிகளை அரசுதான் கொண்டுவர வேண்டும் என்பது அவர் வாதம்.

தாய்லாந்துக் கணக்கிலும் அதுவே தெரிகிறது. யாருடைய லாபத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை நிதி படித்தவர்கள் எடுத்துக்காட்டலாம். மானியத்தை நிறுத்துவதும், காட்டை மீட்கும் செலவைப் பண்ணை வைத்தவரிடமே வசூலிப்பதும் அரசு எடுக்க வேண்டிய முடிவுகள்.